பாளையிலிருந்து ஒரே நாளில் பஸ் பயணம்: மலையடிவாரம், குற்றாலத் தோட்டம், பாளையக்காரர் போர் நடந்த ஊர்கள். எந்த வரிசையில் போவது?

பாளை_மேடை கேட்டது:

வணக்கம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், அவங்க வீட்டார் என மொத்தம் 42 பேருக்கு ஒரு நாள் பஸ் பயணம் ஏற்பாடு செய்கிறோம். பாதிப் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள், நாலைந்து பேருக்கு முழங்கால் வலி. பாளையங்கோட்டையில் காலையில் கிளம்பி இரவு 8 மணிக்குள் திரும்ப வேண்டும்.

மூன்றும் வேண்டும் என்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைப் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே நன்றாகப் பார்க்க வேண்டும். நிதானமாக நடக்க ஒரு தோட்டம் வேண்டும். புலித்தேவர், கட்டபொம்மன் காலத்துப் போர் நடந்த இடங்களையும் பார்க்க வேண்டும். மாஞ்சோலை போகலாம் என்று ஒரு பக்கம், குற்றாலம் போதும் என்று ஒரு பக்கம், உதயகிரிக் கோட்டை என்று இன்னொரு பக்கம்.

எந்த வழி, எந்த வரிசை, எவ்வளவு பெரிய பஸ், எந்த மாதம்? வழி தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கரிசல்வண்டி பதில்:

அண்ணாச்சி, முதல்ல வரிசையைச் சொல்லிடுறேன், மத்ததெல்லாம் அதுலதான் இருக்கு. பாளையங்கோட்டை, கயத்தாறு, கழுகுமலை, சங்கரன்கோவில், நெற்கட்டும்செவல் (புலித்தேவர் ஊர்), வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, குற்றாலம், அங்கிருந்து ஆலங்குளம் வழியா திருநெல்வேலி. சுத்தி முடிச்சா 220 கி.மீ.க்கு முன்னப்பின்ன வரும். 14 மணி நேரத்துல தாராளமா முடியும்.

நிறையப் பேர் இதைத் தலைகீழாப் போடுவாங்க. காலையில நேரே குற்றாலம், குளியல், சாப்பாடு, அப்புறம் “வர்ற வழியில” நெற்கட்டும்செவல். அப்படிப் போனா ரெண்டு விஷயம் கெட்டுப்போகும். ஒண்ணு, மலை கிழக்குப் பார்த்து நிக்குது. காலை வெயில் நேரா அது மேல விழும்போதுதான் மடிப்பு, பாறை, ஓடை விழுற கோடு எல்லாம் தனித்தனியாத் தெரியும். மதியம் ரெண்டு மணிக்கு மேல சூரியன் மலைப் பக்கம் சாஞ்சிடும், அதுக்கப்புறம் மலை வெறும் கருநீல நிழல்தான். மேகமும் மதியத்துக்கு மேலதான் உச்சியில கூடும். அதனால வாசுதேவநல்லூர்லேருந்து தென்காசி வரைக்கும் உள்ள மலையடிவார ரோட்டை, அதாவது 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை, மதியத்துக்கு முன்னாலயே முடிச்சிடணும். ரெண்டு, குளிச்சுச் சாப்பிட்டு வந்த கூட்டம் பஸ்ஸை விட்டு இறங்காது. நெற்கட்டும்செவல்ல டிரைவரும் ஏற்பாட்டாளரும் மட்டும் நிப்பாங்க.

உட்காரும் பக்கம் முக்கியம். இந்த வரிசையில தெற்கு நோக்கிப் போகும்போது மலை வலது கைப்பக்கம், அதாவது டிரைவர் பக்கம் வரும். 42 பேர்ல பாதிப் பேர்தான் அந்தப் பக்கம் உட்கார முடியும். வாசுதேவநல்லூர்லேருந்து தென்காசி சுமார் 45 கி.மீ. நடுவுல புளியங்குடியில டீக்கு நிறுத்தி வலது, இடது மாத்தி உட்கார வைங்க. இதைக் கிளம்பும்போதே மைக்குல அறிவிச்சிடுங்க. பாதி வழியில சொன்னா யாரும் சீட்டை விட மாட்டாங்க.

பஸ் பத்தி. 42 பேருக்கு 49 அல்லது 50 சீட் பெரிய பஸ் ஒண்ணு போதும். ரெண்டு வேன் எடுத்தா கொஞ்சம் செலவு குறையலாம், ஆனா ஒரே மைக்குல எல்லாருக்கும் வரலாறு சொல்ல முடியாது. ஒரு வேன் டீக்கு நின்னா இன்னொண்ணு அரை மணி நேரம் காத்துக் கிடக்கும். நெற்கட்டும்செவலுக்குப் பெரிய பஸ் போகும். ஆனா ஊருக்குள்ள திருப்புற இடம் குறுகல், அதனால எங்க நிறுத்தணும்னு ரெண்டு நாள் முன்னாடி ஒருத்தர் பைக்குல போய்ப் பார்த்துட்டு வந்துடணும். இன்னொண்ணு, அது கரிசல் ஓரம். மழை பெஞ்ச மறுநாள் ரோட்டை விட்டு ஒரு சக்கரம் இறங்கினாலும் புதைஞ்சிடும். திருப்புறதுக்கு மண்ணுல இறக்கவே கூடாது, தார் ரோட்டுல பின்னால எடுத்துத்தான் திருப்பணும்.

வாடகை பேசும்போது நாலு விஷயத்தை எழுத்துல வாங்குங்க: மொத்தம் எத்தனை கி.மீ.க்கு இந்த வாடகை, அதுக்கு மேல ஒரு கி.மீ.க்கு எவ்வளவு, டிரைவர் பேட்டா உள்ளயா வெளியயா, டோலும் பார்க்கிங்கும் யார் கணக்கு. பஸ் நிக்கிற ஷெட்டுல இருந்து வந்து ஷெட்டுக்குத் திரும்புற தூரத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவாங்க. அதைக் கேட்காம விட்டா ராத்திரி கடைசியில தகராறு.

நேரம் இப்படி வைங்க. 6.00க்குப் பாளையங்கோட்டை. 6.45 கயத்தாறு, 25 நிமிஷம். 8.15 சங்கரன்கோவில், டிபன், கோவில். 10.00 நெற்கட்டும்செவல், ஒரு மணி நேரம். 11.20 வாசுதேவநல்லூர், இறங்க வேண்டாம், மெதுவா உருட்டிட்டுப் போகலாம். 11.40 புளியங்குடி டீ. 1.00 தென்காசி, சாப்பாடு. 2.30 குற்றாலம் ஐந்தருவிப் பக்கம் தோட்டம். 4.15 அருவி. 5.30 கிளம்பினா 7.30க்கு ஊர்.

கழுகுமலை வெட்டுவான் கோவில் மேல ஆசை வரும். ஒரே பாறையைச் செதுக்கின பாண்டியர் காலத்துக் கோவில், பார்க்க வேண்டிய இடம்தான். ஆனா ஏறி இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், முழங்கால் வலி உள்ளவங்களுக்கு முடியாது. அதை வேற ஒரு நாளுக்கு வைங்க.

---

மண்கோட்டை பதில்:

வரிசை சரி. வரலாற்றுப் பகுதியில் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். கோட்டை என்றதும் செஞ்சியையும் திருமயத்தையும் மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் நெற்கட்டும்செவலில் இறங்கியதும் ஏமாந்து போவார்கள். அங்கே இருப்பது அரசு கட்டிய நினைவு மாளிகை. பழைய கோட்டைச் சுவர் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதில்தான் இந்தப் போர்களின் கதையே இருக்கிறது. அதைப் பஸ்ஸிலேயே சொல்லிவிட்டுப் பிறகு இறக்குங்கள்.

இந்தச் சீமையின் பாளையக்காரர் கோட்டைகள் பெரும்பாலும் மண் கோட்டைகள். களிமண்ணை வைக்கோலோடு பிசைந்து அடுக்கடுக்காக மிதித்து, ஒரு அடுக்கு காய்ந்த பிறகு அடுத்ததை ஏற்றிக் கட்டிய தடித்த சுவர். வெளியே அடர்ந்த முள்வேலி. கல் சுவரில் பீரங்கிக் குண்டு பட்டால் கல் பிளந்து சிதறும், இரண்டு மூன்று குண்டில் மேலிருக்கும் வரிசையும் சரியும். மண் சுவரில் குண்டு உள்ளே போய்ப் புதைந்துகொள்ளும், அதைச் சுற்றியுள்ள மண் அப்படியே நிற்கும். ஆள் நுழைகிற அளவு உடைப்பு விழ வேண்டுமானால் ஒரே இடத்தில் கனமான பீரங்கியால் மணிக்கணக்கில் அடிக்க வேண்டும். கனமான பீரங்கியைக் காளை பூட்டிக் கரிசலில் இழுத்து வருவதே பெரும்பாடு. மேலே கரிசல்வண்டி பஸ் சக்கரத்துக்குச் சொன்னது பீரங்கி வண்டிக்கும் பொருந்தும்.

1755இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஹெரானும் ஆற்காட்டு நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் கப்பம் கேட்டுப் படையோடு வந்து நெற்கட்டும்செவல் முன்னால் நின்றார்கள். மண் சுவரை உடைக்கும் அளவுக்குப் பீரங்கி பலம் அவர்களிடம் இல்லை. புலித்தேவர் பணம் தர மறுத்தார், படை திரும்பிப் போனது. அதற்குப் பிறகு யூசுப்கான், அதாவது மருதநாயகம், வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கித் தோற்றுத் திரும்பி, பெரிய பீரங்கிகளோடு மறுபடி வந்துதான் 1761இல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்றையும் பிடித்தார்.

வாசுதேவநல்லூரில் இறங்க வேண்டாம் என்றது சரி. ஆனால் அங்கே பஸ்ஸை ஐந்து நிமிடம் ஓரமாக நிறுத்தி மேற்கே பார்க்கச் சொல்லுங்கள். ஊருக்கும் மலைக்கும் இடையில் எவ்வளவு குறைவான தூரம் என்பது கண்ணில் படும். கோட்டையை முற்றுகையிட்டவனுக்குப் பின்பக்கத்தில் காடு. அந்தக் காட்டிலிருந்து ஆட்கள் இறங்கி முதுகில் அடிப்பார்கள், கோட்டை விழுந்தால் உள்ளே இருந்தவர்கள் அதே காட்டுக்குள் போய்விடுவார்கள். மேற்குப் பாளையங்கள் இவ்வளவு காலம் தாங்கியதற்கு இந்த மலையடிவாரம் ஒரு முக்கியக் காரணம். உங்கள் குழு கேட்ட மலையும் போரும் ஒன்றாகச் சேரும் இடம் இதுதான், தயவுசெய்து வேகமாகக் கடந்துவிடாதீர்கள்.

கயத்தாறில் 1799 அக்டோபர் 16 அன்று மேஜர் பானர்மேன் மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து, அவர்கள் முன்னிலையில் விசாரணை நடத்திக் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார். சாலையோரச் சிலை நடிகர் சிவாஜி கணேசன் இடம் வாங்கி நிறுவியது. பக்கத்தில் அரசு மணிமண்டபமும் உண்டு. காலை 6.45க்கு மண்டபம் திறந்திருக்காது, சிலையை வெளியிலிருந்து பார்க்கலாம். நாலு வழிச்சாலையில் நேரே போனால் தாண்டிவிடும், சர்வீஸ் ரோட்டில் இறங்கச் சொல்லி டிரைவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

உங்கள் ஊரிலேயே ஒரு இடம் இருக்கிறது. பாளையங்கோட்டைக் கோட்டையின் மிச்சம்தான் மேடைப் போலீஸ் ஸ்டேஷன். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையைப் பாளையங்கோட்டையில்தான் சிறை வைத்தார்கள். 1801 பிப்ரவரி 2இல் அவர் அங்கிருந்து தப்பினார். தரைமட்டமாக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களுக்குள் மறுபடி எழுந்து நின்றது. மண் கோட்டை என்பதால்தான் அது முடிந்தது. கல் கோட்டையை ஒரு வாரத்தில் யாராலும் கட்ட முடியாது. மார்ச் 31இல் கம்பெனிப் படை மோதித் தோற்றது. மே 24இல்தான் கோட்டை விழுந்தது. பஸ் கிளம்பியதும் மேடை முன்னால் இரண்டு நிமிடம் நிறுத்தி இதைச் சொல்லித் தொடங்கினால் அன்றைய நாள் முழுவதற்கும் ஒரு பிடி கிடைக்கும்.

1801 டிசம்பர் 1 அன்று கம்பெனி வெளியிட்ட அறிக்கை பாளையக்காரர் கோட்டைகளை இடிக்கச் சொன்னது, ஆயுதம் வைத்திருப்பதையும் தடை செய்தது. மண் சுவர் இடிந்தால் இரண்டு மழையில் கரைந்து வயலோடு வயலாகிவிடும். நெற்கட்டும்செவலில் கண்ணுக்குச் சுவர் கிடைக்காததன் காரணம் இவ்வளவுதான்.

சங்கரன்கோவில் கோவிலுக்குள் புலித்தேவர் பெயரில் ஒரு அறை உண்டு. அவர் கடைசியாக அங்கே வந்து மறைந்தார் என்பது ஊர் வழக்கு. கோவில் மதியம் நடை சாத்தும், காலையில் போவதே வசதி.

---

பாளை_மேடை:

இரண்டு பேருக்கும் நன்றி. பாஞ்சாலங்குறிச்சியையும் சேர்க்கலாமா? மாஞ்சோலை, உதயகிரி பற்றியும் யாராவது சொல்லுங்கள். குழுவில் அந்த இரண்டுக்கும் ஆதரவு இருக்கிறது.

---

மண்கோட்டை பதில்:

பாஞ்சாலங்குறிச்சி கிழக்கே, ஓட்டப்பிடாரம் பக்கம். அதைச் சேர்த்தால் மலையை இழப்பீர்கள். அங்கே இப்போதுள்ள கோட்டை 1974இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை. போரில் இறந்த வெள்ளைக்கார வீரர்களின் கல்லறைகளும் அருகில் உள்ளன. எட்டயபுரத்தோடு சேர்த்துத் தனி நாளாக வைத்தால் நன்றாக இருக்கும்.

உதயகிரி பொருத்தமான யோசனைதான், மறுக்க மாட்டேன். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய் பின்னர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய கல்லறை அந்தக் கோட்டைக்குள் இருக்கிறது. கோட்டைக்குள்ளேயே வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா, நிழலான சமதளப் பாதை, முழங்காலுக்கு நல்லது. போகும் வழியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வருகிறது, 1809இல் வேலுத்தம்பி தளவாய் காலத்துப் போரில் கம்பெனிப் படை உடைத்துப் புகுந்த அரண் அங்கேதான் இருந்தது. ஆக அதுவும் மலை, தோட்டம், போர் மூன்றும் உள்ள வழி. ஆனால் அது திருவிதாங்கூர்க் கதை. உங்கள் குழு கேட்டது புலித்தேவரும் கட்டபொம்மனும். தூரம் போக வர 200 கி.மீ. அளவில் வரும், அதில் நாகர்கோவில் முதல் தக்கலை வரை நெரிசல் நேரத்தைத் தின்றுவிடும். பத்மநாபபுரம் அரண்மனையைச் சேர்ப்பதானால் திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் கவனியுங்கள்.

---

அம்பை_ஆற்றங்கரை பதில்:

மாஞ்சோலையை மறந்திடுங்க. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்கு. மணிமுத்தாறு செக்போஸ்ட்டுக்கு மேல போக வனத்துறை அனுமதி வேணும், பெரிய டூரிஸ்ட் பஸ்ஸுக்கு அந்த வளைவுகள் தோதுப்படாது. சிங்கம்பட்டி ஜமீன்கிட்ட 1929இல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த தேயிலைத் தோட்டம் அது. 2024இல் தோட்டக் கம்பெனி வேலையை நிறுத்தித் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவிச்சதுலேருந்து சுற்றுலா அனுமதி நிலையா இல்லை. 42 பேரைக் கூட்டிட்டுப் போய் செக்போஸ்ட்டுல திரும்பி வர்றது வேண்டாம்.

அதுக்குப் பதிலா ஒரு சின்ன மாற்றம் சொல்றேன். சாயங்காலம் தென்காசியிலிருந்து ஆலங்குளம் வழியா நேரே வராம, கடையம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை வழியா வாங்க. கூட 25 கி.மீ. அளவுல வரும். அருவியில அரை மணி நேரம் குறைச்சு 5 மணிக்குக் கிளம்பினா சரியா இருக்கும். கடையம் வரைக்கும் மலை வலது பக்கம் கூடவே வரும். நான் சொல்றது டிசம்பர், ஜனவரி மாதிரி வானம் தெளிஞ்ச நாளுக்கு. அப்ப வெயில் மறையுற நேரத்துல அம்பைப் பக்கம் தென்மேற்கே பொதிகை உச்சி, 1868 மீட்டர், கோடு போட்ட மாதிரித் தெரியும். கல்லிடைக்குறிச்சியில அப்பளம், பத்தமடையில பாய் வாங்கலாம். ஆனா பத்தமடையில கடை சீக்கிரம் அடைச்சிடுவாங்க, பாய் வேணும்னா முன்னாலயே சொல்லி வைக்கணும். தாமதம் ஆயிட்டா இந்தச் சுற்றை விட்டுட்டு ஆலங்குளம் வழியே வாங்க, இருட்டுல மலையும் தெரியாது, ஆறும் தெரியாது.

பாபநாசம் வேணுமான்னு யாராவது கேட்பாங்க. அகத்தியர் அருவியில எப்பவும் தண்ணி இருக்கும். அங்கே இருக்கிற மின் நிலையம் ரெண்டாம் உலகப் போர் நடந்துக்கிட்டிருந்தபோதே, 1944இல் ஓடத் தொடங்கினது. ஆனா செக்போஸ்ட் சோதனை, ஏறி இறங்குறது எல்லாம் சேர்த்து ரெண்டு மணி நேரம் கேட்கும். குற்றாலமா பாபநாசமா, ரெண்டுல ஒண்ணுதான் முடியும். ஆடி அமாவாசை வாரத்துல காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவில் விழாவுக்காகத் தனியார் வண்டியை மேல விட மாட்டாங்க, அரசு பஸ் மட்டும்தான்.

---

சாரல்அக்கா பதில்:

தோட்டத்தைப் பத்தி யாருமே சரியாச் சொல்லலையே, நான் சொல்றேன்.

ஐந்தருவிக்குப் பக்கத்துல தோட்டக்கலைத் துறையோட சூழல் பூங்கா இருக்கு. ஏற்ற இறக்கமான பாதை, ஓடை, பூச்செடி, நிழல். முழங்கால் வலி உள்ளவங்க மேல வரைக்கும் ஏற வேண்டாம், கீழ்ப் பகுதியிலேயே ஒரு மணி நேரம் நல்லாப் போகும். சாயங்காலம் சீட்டு கொடுக்கிறதைச் சீக்கிரம் நிறுத்திடுவாங்க, மூணு மணிக்குள்ள உள்ள இருக்கிற மாதிரிப் போங்க. மழை பெஞ்சிருந்தா கல் பாதை வழுக்கும், வார் வச்ச செருப்புப் போட்டு வரச் சொல்லுங்க. மேல மலையில பழத்தோட்ட அருவின்னு ஒண்ணு உண்டு, அது அரசுத் தோட்டத்துக்குள்ள, பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. யாராவது கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா நம்பாதீங்க.

இந்தத் தோட்டத்துக்கும் போருக்கும் சம்பந்தம் இருக்கு, மண்கோட்டை அண்ணாச்சி அதை விட்டுட்டாங்க. ஐரோப்பாவுல பிரான்சோட நடந்த போருல டச்சுக்காரங்க பிரான்ஸ் பக்கம் போனதும், 1796இல் கம்பெனி அவங்களோட மொலுக்கஸ் தீவுகளைப் பிடிச்சுது. அதுவரைக்கும் ஜாதிக்காயும் கிராம்பும் டச்சுக்காரங்க கையில இருந்த சரக்கு. கன்றுகளை எடுத்துட்டு வந்து கம்பெனி தன் இடங்கள்ல நட ஆரம்பிச்சுது. 1800ஐ ஒட்டிக் குற்றாலத்துலயும் வாசனைத் தோட்டம் போட்டாங்க. கயத்தாறுல தூக்கு மாட்டின அதே காலம்தான். கீழே கரிசல்ல கோட்டையை இடிச்ச கம்பெனி, இங்கே மலையடியில ஜாதிக்காய்க் கன்று நட்டுது. பூங்காவுல நிழல்ல உட்கார வச்சு இதைச் சொல்லுங்க.

ஏன் இங்கேன்னு கேட்பாங்க. ஜாதிக்காய்க்கும் மங்குஸ்தானுக்கும் வருஷம் பூரா ஈரக்காத்து வேணும், வறண்ட காத்து பட்டா இலை ஓரம் கருகும். தென்மேற்குப் பருவத்துல செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற சாரல் குற்றாலத்தை நனைக்குது. அங்கேயிருந்து கிழக்கே ஆலங்குளம் போறதுக்குள்ள அது வெறும் காத்தாயிடும். ஜாதிக்காய்ல ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. விதையிலிருந்து வளர்த்தா ஆறேழு வருஷம் கழிச்சுப் பூக்கும்போதுதான் எதுன்னே தெரியும். பழம் வெடிச்சா உள்ள கொட்டை, அது மேல சிவப்பா வலை மாதிரி இருக்கிறது ஜாதிபத்திரி.

ஆனி, ஆடியில போனா மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் கடை போட்டிருப்பாங்க. மங்குஸ்தான் வாங்கும்போது கட்டைவிரலால மெதுவா அமுக்கிப் பாருங்க. லேசா அமுங்கணும். கல்லு மாதிரி இருந்தா பழசு, உள்ளே காய்ஞ்சிருக்கும். தோல்ல மஞ்சள் பால் வடிஞ்சு காய்ஞ்ச கறை இருந்தா சுளையும் கசக்கலாம். அடியில பூ மாதிரி இருக்கிற இதழ் எத்தனையோ அத்தனை சுளை. இதழ் அதிகமா இருக்கிற பழத்துல சுளை சின்னதா இருக்கும், கொட்டையும் குறைவு. தோல் சாறு துணியில பட்டா போகாது, பஸ் சீட்டுல உரிக்க விடாதீங்க. ரம்புட்டான்ல முடி கறுத்திருந்தா வேண்டாம். துரியனை ஏ.சி. பஸ்ஸுக்குள்ள ஏத்தவே கூடாது, வேணும்னா அங்கேயே வெட்டிச் சாப்பிட்டு வரட்டும்.

அருவியில சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் கூடாது, தடை இருக்கு. தண்ணி அதிகமானா போலீஸ் குளிக்கத் தடை போடும், தடை எப்ப எடுப்பாங்கன்னு சொல்ல முடியாது. தண்ணி நிறம் செம்மண்ணா மாறினா, சருகும் குச்சியும் வந்தா, போலீஸ் சொல்றதுக்கு முன்னாலயே வெளியே வந்துடணும், மேல மழை கொட்டுதுன்னு அர்த்தம். வயசானவங்களுக்குப் பேரருவியைவிட ஐந்தருவி தோது, பூங்காவும் பஸ் நிறுத்துற இடமும் பக்கத்துலயே.

கழிப்பறை. பெண்கள் இருக்கிற குழுவுல இதை முதல்ல யோசிக்கணும். கயத்தாறிலயும் நெற்கட்டும்செவல்லயும் 42 பேருக்கு வசதி எதிர்பார்க்காதீங்க. சங்கரன்கோவில்ல டிபன் சாப்பிடுற இடத்துல அரை மணி நேரம் கூடுதலா ஒதுக்குங்க. அடுத்தது புளியங்குடி அல்லது கடையநல்லூர் பெட்ரோல் பங்க், அதுக்கடுத்தது தென்காசி. 42 பேர்ல பாதிப் பெண்கள், ரெண்டு கழிப்பறைன்னா 25 நிமிஷம் ஆகும். கரிசல்வண்டி தம்பி போட்ட நேரத்துல இது இல்லை, 10.00க்கு நெற்கட்டும்செவல் போய்ச் சேர முடியாது. கயத்தாறை 15 நிமிஷமாக் குறைங்க.

சாப்பாடு தென்காசியிலயே வைங்க. செங்கோட்டைப் பக்கத்துப் பிரானூர் பார்டர் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் நல்லா இருக்கும், ஆனா மதியம் அதைச் சாப்பிட்டுட்டுப் பூங்காவுல நடக்க வைக்க முடியாது. சீசன் ஞாயித்துக்கிழமை அங்கே 42 பேருக்கு ஒண்ணா இடமும் கிடைக்காது.

---

பாளை_மேடை:

மிகவும் பயனுள்ள விவரங்கள், அக்கா. கடைசியாக மாதம். சாரல் சீசனில் வைப்பதா, மார்கழி, தை பக்கம் வைப்பதா? ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமையைச் சிலர் சொல்கிறார்கள்.

---

மண்கோட்டை பதில்:

ஆகஸ்ட் கடைசி வேண்டவே வேண்டாம். ஆகஸ்ட் 20 புலித்தேவரின் படைத்தளபதி ஒண்டிவீரன் நினைவு நாள், செப்டம்பர் 1 புலித்தேவர் பிறந்த நாள். இரண்டும் நெற்கட்டும்செவல் பக்கம்தான். அந்த இரண்டு வாரமும் தென்காசி மாவட்டத்தில் தடை உத்தரவு போடுவது வழக்கம், வாடகை வண்டியில் கூட்டமாக வருவதைச் சோதனைச் சாவடியில் நிறுத்துவார்கள். சுற்றுலா என்று சொன்னாலும் பெயர்ப் பட்டியல், அனுமதி என்று நேரம் போகும். அதேபோல அக்டோபர் 16ஐ ஒட்டிக் கயத்தாறையும் தவிர்க்கலாம்.

---

கரிசல்வண்டி பதில்:

ஜூன், ஜூலையில அருவியில தண்ணி, பழம், சாரல் எல்லாம் உண்டு. ஆனா மலை பாதி நாள் மேகத்துக்குள்ள இருக்கும், சனி ஞாயிறு குற்றாலத்துக்குள்ள பஸ் நுழையவே ஒரு மணி நேரம் ஆகும். நவம்பர் நடுவுலேருந்து ஜனவரி நடு வரைக்கும் ஐயப்ப பக்தர்கள் கூட்டம், நிறுத்துற இடம் கிடைக்காது. மலை தெளிவாத் தெரியணும், கூட்டம் வேண்டாம்னா பொங்கல் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு, ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி தொடக்கம். கரிசலும் காய்ஞ்சிருக்கும். அருவியில தண்ணி குறைவா இருக்கலாம், வடகிழக்குப் பருவம் எப்படிப் பெஞ்சதுங்கிறதைப் பொறுத்தது.

பழமும் சாரலும்தான் முக்கியம்னு குழு சொன்னா ஜூலையில ஒரு செவ்வாய், புதன் வைங்க. அப்ப மலையடிவார ரோட்டுல மேகம் இருந்தா வருத்தப்படாம, நேரத்தைக் குறைச்சுக் குற்றாலத்துக்கு ஒரு மணி நேரம் கூட்டிக்கலாம்.

---

சாரல்அக்கா பதில்:

பிப்ரவரின்னா கிளம்புறதுக்கு முதல் நாள் சாயங்காலம் குற்றாலத்துல அருவி நிலவரம் கேட்டுக்குங்க. பேரருவி கசிவா இருந்தாலும் ஐந்தருவியில ரெண்டு மூணு கிளையில விழலாம். ரெண்டுமே இல்லைன்னா அருவி நேரத்தைச் சித்திரசபைக்குக் கொடுங்க, சுவரோவியம் நிறைய இருக்கு, அதுவும் மதியம் அடைச்சுச் சாயங்காலம் திறக்கிற இடம்தான், நாலு மணிக்கு மேல போனா சரியா இருக்கும். தண்ணிக்கு 20 லிட்டர் கேன் நாலு பஸ்ஸுல ஏத்திக்குங்க, ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் கொண்டு வரச் சொல்லுங்க.